தோப்பில் விளைந்தது எவ்வளவு, கொட்டகையில் சம்பாதித்தது எவ்வளவு: பண்ருட்டிப் பக்கத்து வருமான வரி நிகழ்வு ஒன்று

கடலூர் மாவட்டத்தில் வரி ஆலோசனைத் தொழில் செய்பவர்களிடம் முந்திரி, பலா, சவுக்கு, கரும்பு வைத்திருப்பவர்கள் வந்துகொண்டேதான் இருப்பார்கள். "விவசாயத்துக்கு வரி இல்லையே, அப்புறம் ஏன் நோட்டீஸ்?" என்பதுதான் அவர்களின் முதல் கேள்வி. இந்தக் கேள்வியோடு எங்கள் அலுவலகத்துக்கு வந்த ஒருவருடைய நிகழ்வை இங்கே பதிவு செய்கிறேன். அவரும் குடும்பமும் ஒப்புக்கொண்டார்கள். பெயரும் ஊரும் வேண்டாம் என்றார்கள், அதனால் தரவில்லை.

பின்னணி

அவர் ஓய்வு பெற்ற அரசுப் பள்ளி ஆசிரியர். 2018-இல் ஓய்வு பெற்றார். பண்ருட்டி வட்டாரத்தில் 9 ஏக்கர் 40 சென்ட் முந்திரித் தோப்பு, ஊடே பலா மரங்கள். இதில் ஐந்தரை ஏக்கர் அவர் பெயரில் பட்டா. மீதி 3 ஏக்கர் 90 சென்ட் இறந்துபோன தகப்பனார் பெயரிலேயே இருக்கிறது. அக்கா புதுச்சேரியில், தம்பி வெளியூரில். நிலத்தைப் பார்த்துக்கொள்வது இவர் ஒருவர்தான்.

மரங்களுக்கும் ஒரு வரலாறு உண்டு. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையில் கரையைக் கடந்தபோது இந்த வட்டாரத்தின் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. இவருடைய தோப்பில் பழைய மரம் என்று சொல்ல நாலைந்து பலா மட்டும் மிஞ்சியது. அடுத்த ஆண்டு ஒட்டுக்கன்று வைத்தார். 2022 பருவத்தில் அந்த மரங்களுக்குப் பத்து வயது. நன்றாகக் காய்க்கும் வயது அது. இந்த விவரம் பின்னால் உதவியது.

2022 கோடையில் வீட்டுக்குப் பின்னால் ஒரு கொட்டகை போட்டார். கொட்டையாக விற்பதை விட உடைத்துப் பருப்பாக விற்றால் மூட்டைக்கு நாலு காசு கூடும் என்பது கணக்கு. காய வைத்து, அவித்து, கை மெஷினில் உடைத்து, சூடு காட்டி, தோல் உரித்து, முழுசு, பாதி, உடைசல் என்று தரம் பிரிப்பது வரை அங்கேயே. ஊர்ப் பெண்கள் ஏழெட்டுப் பேர் வேலைக்கு வந்தார்கள். சொந்தக் கொட்டை போதவில்லை என்று அக்கம்பக்கத்துத் தோப்புக்காரர்களிடமும் வாங்கி உடைத்தார். அவர் பார்வையில் இதெல்லாம் ஒரே தொழில். முந்திரி அவர் தோப்பில் காய்ப்பது, அதனால் வருவதெல்லாம் விவசாய வருமானம்.

2023 ஜூலையில் பக்கத்து ஊர் கம்ப்யூட்டர் சென்டரில் 2022-23 நிதியாண்டுக்கான கணக்கைத் தாக்கல் செய்தார்கள். படிவம் ஐடிஆர்-2, அதாவது வியாபார வருமானம் இல்லாதவர்களுக்கானது. பென்ஷனும் வட்டியும் கழிவுகள் போக 4,80,000 ரூபாய். விவசாய வருமானம் 14,20,000 ரூபாய். இந்த 14,20,000 எப்படி வந்தது என்று பிறகு கேட்டபோது பதில் எளிமையாக இருந்தது: அந்த ஆண்டு சேமிப்புக் கணக்கில் ரொக்கமாகப் போட்ட மொத்தத் தொகை அதுதான். பாஸ்புக்கைக் கூட்டி, விவசாயக் கட்டத்தில் எழுதிவிட்டார்கள். செலவும் இல்லை, கொள்முதலும் இல்லை.

கம்ப்யூட்டர் 43,160 ரூபாய் வரி கட்டச் சொன்னபோது ஆசிரியர் அசந்துபோனார். பென்ஷனுக்கு மட்டும் என்றால் வரி 9,000. 5 லட்சத்துக்குக் கீழே இருப்பதால் தள்ளுபடியில் அதுவும் பூஜ்யமாகியிருக்கும். விவசாய வருமானத்துக்கு நேரடி வரி இல்லைதான். ஆனால் அது 5,000 ரூபாயைத் தாண்டி, மற்ற வருமானமும் அடிப்படை விலக்கு வரம்பைத் தாண்டினால், வரி விகிதத்தைக் கணக்கிட மட்டும் அதைச் சேர்த்துக்கொள்வார்கள். இரண்டையும் கூட்டி 19,00,000-க்கு வரி 3,80,000. விவசாயத்தோடு மூத்த குடிமக்களுக்கான 3 லட்சம் விலக்கைக் கூட்டி 17,20,000-க்கு வரி 3,26,000. வித்தியாசம் 54,000. தள்ளுபடி 12,500 போக, 4 சதவீத செஸ் சேர்த்து 43,160. அதாவது பென்ஷனின் 1,80,000 ரூபாய்க்கு 5 சதவீதத்துக்குப் பதில் 30 சதவீதம். முணுமுணுத்துக்கொண்டே கட்டிவிட்டார்.

வரியில்லாத வருமானத்தை ஏன் கேட்கிறார்கள்

இங்கே கொஞ்சம் நின்றுதான் போக வேண்டும். 1860-இல் ஆங்கிலேய அரசு முதன்முதலில் வருமான வரி போட்டபோது விவசாய வருமானத்துக்கும் வரி உண்டு. 1886 சட்டம்தான் அதை நிலையாக விலக்கியது, நிலவரி தனியாக வசூலாகிறதே என்ற சமாதானத்தோடு. அரசியல் சாசனமும் அந்தப் பிரிவினையைத் தொடர்ந்தது. விவசாயம் அல்லாத வருமானத்துக்கான வரி ஒன்றியப் பட்டியலில் 82-ஆவது இனம், விவசாய வருமான வரி மாநிலப் பட்டியலில் 46-ஆவது இனம். ஒன்றிய அரசு தொட முடியாது. மாநில அரசுகளோ பெரும்பாலும் தோட்டப் பயிர்களைத் தாண்டித் துணியவில்லை. கே. என். ராஜ் குழு 1972-இல் இதற்கு வழி சொன்னது. அதன் ஒரு பகுதிதான் 1973-இல் வந்த, மேலே சொன்ன கூட்டிக் கழிக்கும் முறை.

என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். இந்த முறை பென்ஷன்காரரின் பத்து ஏக்கரைப் பிடிக்கிறது, வேறு வருமானமே இல்லாத நூறு ஏக்கர்காரரை விட்டுவிடுகிறது. நியாயம் பேசுவதென்றால் அங்கிருந்து தொடங்க வேண்டும். ஆனால் நோட்டீசுக்குப் பதில் எழுத அந்த வாதம் உதவாது. துறையின் கவலை வேறு. வரியில்லாத கட்டம் ஒன்று படிவத்தில் இருக்கும்வரை, வேறு பணம் அந்தக் கட்டத்துக்குள் நுழையப் பார்க்கும். 2019-இல் வெளியான தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் அறிக்கை, ஆராய்ந்த 6,778 நேர்வுகளில் சுமார் 22.5 சதவீதத்தில் போதிய ஆவணம் பார்க்காமலே விவசாய விலக்கு தரப்பட்டதாகச் சொன்னது. அதன் பிறகு கேள்விகள் கூடியிருப்பதில் வியப்பில்லை. விவசாய வருமானம் 5 லட்சத்தைத் தாண்டினால் மாவட்டம், பின்கோடு, ஏக்கர், சொந்தமா குத்தகையா, பாசனமா மானாவாரியா என்று படிவமே கேட்கிறது.

நம் ஆசிரியரின் படிவத்தில் 9.4 ஏக்கர், மானாவாரி என்று இருந்தது. ஏக்கருக்கு ஒன்றரை லட்ச ரூபாய் நிகர வருமானம் தரும் மானாவாரி முந்திரி எங்கும் இல்லை. இன்னொரு பக்கம், ஒரு நிதியாண்டில் சேமிப்புக் கணக்கில் 10 லட்சத்துக்கு மேல் ரொக்கம் போட்டால் வங்கியே துறைக்குத் தகவல் அனுப்பும். இரண்டும் சேர்ந்தன.

நோட்டீசும் முதல் பதிலும்

2024 ஜூனில், கணக்கை ஆய்வுக்கு எடுத்திருப்பதாக, 1961 வருமான வரிச் சட்டத்தின் பிரிவு 143(2)-இன் கீழ் நோட்டீஸ் வந்தது. காரணம்: பெரிய அளவிலான விவசாய வருமானம், ரொக்க வரவு. அடுத்து வந்த கேள்விப் பட்டியலுக்கு முன்பு தாக்கல் செய்து கொடுத்தவர்களே பதிலும் ஏற்றினார்கள். ஐந்தரை ஏக்கருக்கான சிட்டா, கிராம நிர்வாக அலுவலரின் ஒரு சான்று, "முழுத் தொகையும் முந்திரி விவசாயத்தில் கிடைத்தது" என்று ஒரு வரி. அவ்வளவுதான்.

முகமறியா மதிப்பீட்டில் அதிகாரி எந்த ஊரில் இருக்கிறார் என்றே தெரியாது. அவர் பண்ருட்டியைப் பார்த்திராதவராக இருக்கலாம். திரையில் தெரிவதுதான் அவருக்குச் சாட்சி. நவம்பர் கடைசியில் விளக்கம் கேட்டு நோட்டீஸ் வந்தது. அவர் பெயரிலுள்ள ஐந்தரை ஏக்கருக்கு மட்டும், ஏக்கருக்கு 20,000 வீதம் 1,10,000 ரூபாயை விவசாய வருமானமாக ஏற்கிறோம். மீதி 13,10,000 ரூபாயைப் பிரிவு 69ஏ-இன் கீழ் விளக்கப்படாத பணமாக ஏன் கருதக்கூடாது? அப்படிக் கருதினால் பிரிவு 115பிபிஇ-இன்படி 60 சதவீதம் வரி, அதன் மேல் 25 சதவீதம் கூடுதல் வரி, அதன் மேல் செஸ். எல்லாம் சேர்த்து 78 சதவீதம். 10,21,800 ரூபாய். அபராதம் தனி.

இந்தக் கட்டத்தில்தான் அவர் எங்களிடம் வந்தார். பதிலுக்கு ஒரு வார அவகாசம். அதற்குள் ஃபெஞ்சல் புயல் வந்தது. டிசம்பர் முதல் வாரத்தில் தென்பெண்ணை வெள்ளம் கடலூரை மூழ்கடித்தது. மின்சாரம் இல்லை, கிராம அலுவலர்கள் நிவாரண வேலையில். அவகாசம் கேட்டு, வெள்ளத்தைக் காரணமாகக் காட்டி விண்ணப்பித்தோம். கிடைத்தது.

வருகைப் பதிவேடு

"கணக்கு ஏதாவது எழுதி வச்சிருக்கீங்களா சார்?" என்று கேட்டதற்கு இல்லை என்றார். மூட்டை எத்தனை என்று எப்படி நினைவிருக்கிறது என்றால், "அது வீட்டுக் கணக்கு தம்பி, வரிக்கெல்லாம் ஆவாது" என்றார். அதைத்தான் கொண்டுவரச் சொன்னோம்.

வந்தது பள்ளிக்கூடத்து வருகைப் பதிவேடு ஒன்று, பயன்படுத்தாதது. மாணவர் பெயர் எழுதும் இடத்தில் கொட்டை கொடுத்தவர்களின் பெயர்கள், பதினோரு பேர். தேதிக் கட்டங்களில் மூட்டை எண்ணிக்கை. 80 கிலோ மூட்டைதான் இங்கே கணக்கு. கொடுத்த பணத்துக்குச் சிவப்பு மையில் சுழி, பாக்கி இருந்தால் பென்சிலில். எல்லாவற்றுக்கும் மேலே முதல் வரிசையில் "நம்ம தோப்பு" என்று எழுதி, அதற்கும் தேதிவாரியாக மூட்டை. கடைசிப் பக்கங்களில் எந்த வியாபாரிக்கு எத்தனை கிலோ பருப்பு, என்ன விலை. உடைக்க வந்தவர்களின் கூலி தனிப் பக்கம்.

கூட்டிப் பார்த்தோம். சொந்தத் தோப்பு 40 மூட்டை, வாங்கியது 90. மூட்டைக்கு 22 கிலோ பருப்பு என்பது இந்தப் பக்கத்தில் எல்லாருக்கும் தெரிந்த கணக்கு. 130 மூட்டைக்கு 2,860 கிலோ வர வேண்டும். பதிவேட்டில் விற்ற பருப்பின் கூட்டலும் அதுவேதான். அவசரத்தில் உட்கார்ந்து எழுதிய நோட்டு இப்படிப் பொருந்தாது. இதை நம்பலாம் என்று எங்களுக்குத் தோன்றியது அப்போதுதான்.

பருப்பு விற்பனை 18,30,400 ரூபாய். முந்திரித் தோடு விற்றது 29,600. பலா மரங்களை வியாபாரிக்குக் குத்தகை விட்டது 1,50,000. மொத்த வரவு 20,10,000. வெளியில் வாங்கிய கொட்டைக்கு மூட்டை சராசரி 8,600 வீதம் 7,74,000. உடைக்கும் கூலி 1,95,000, மின்சாரம், சாக்கு, வண்டி வாடகை 47,000. தோப்புக்கான களை, உரம், பூச்சி மருந்து, பொறுக்கும் கூலி 1,12,000.

அப்புறம் பாஸ்புக். 14,20,000 போட்டிருந்தார், சரி. அதே ஆண்டில் 6,50,000 எடுத்தும் இருந்தார். கொட்டை வாங்க எடுத்து, பருப்பு விற்றுத் திரும்பப் போட்டது. பருப்புப் பணத்தில் 1,40,000 வங்கி வழியே வந்தது, மற்றதெல்லாம் ரொக்கம். எடுத்ததையும் சேர்த்தால் கைக்கு வந்த ரொக்கம் 25,20,000. வங்கியில் போட்டதும் கொள்முதலும் கூலியும் தோப்புச் செலவும் போக 19,000 மிச்சம். மின்சாரமும் வண்டி வாடகையும் வங்கி வழியே கட்டியவை. குடும்பச் செலவு பென்ஷனில். ரொக்கக் கணக்கு கைக்குக் கை பொருந்தியது.

எடுத்த முடிவுகள், அதற்கான காரணங்கள்

முதல் முடிவுதான் கடினமானது. இந்தப் பதிவேட்டைக் காட்டினால் பணம் எங்கிருந்து வந்தது என்பது விளங்கிவிடும். ஆனால் அதில் பெரும்பகுதி விவசாயம் இல்லை என்பதும் விளங்கிவிடும். ஆசிரியருக்கு மனசு ஒப்பவில்லை. "விவசாயின்னு எழுதிக் கொடுத்துட்டு இப்ப வியாபாரின்னு ஒத்துக்கணுமா?" என்றார். கொட்டையை உடைப்பதும் விவசாயத்தின் தொடர்ச்சிதானே என்று ஏன் வாதாடக்கூடாது என்று அவர் தம்பியும் போனில் கேட்டார்.

கேள்வி நியாயமானது. அதே 1961 சட்டத்தின் பிரிவு 2(1ஏ), விளைபொருளைச் சந்தைக்கு ஏற்றதாக்க விவசாயி வழக்கமாகச் செய்யும் பதப்படுத்தலையும் விவசாயமாகவே ஏற்கிறது. நெல்லைத் தூற்றுவது, மல்லாட்டையை (நிலக்கடலையை) காய வைப்பது போன்றவை. 1957-இல் ராஜா பினய் குமார் சஹாஸ் ராய் வழக்கில் உச்ச நீதிமன்றம் நிலத்தின் மேல் செய்யும் அடிப்படை உழைப்பு இருந்தால்தான் அதன் தொடர் வேலைகளும் விவசாயமாகும் என்று சொன்னது. வெளியில் வாங்கிய 90 மூட்டைக்கு நம்மவர் நிலத்தில் எந்த உழைப்பும் இல்லை. அது சந்தேகமில்லாத வியாபாரம். சொந்த 40 மூட்டையிலும், உடைக்காமலே கொட்டைக்குப் பண்ருட்டியில் சந்தை இருக்கிறது. சந்தைக்கு ஏற்றதாக்க உடைத்தே ஆக வேண்டும் என்றில்லை. பல வீடுகளில் உடைக்கிறார்கள் என்பதை வைத்து வாதாடலாம், ஆனால் ஜெயிக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. 40 மூட்டைக்காக முழு வழக்கின் நம்பகத்தைப் பணயம் வைக்க வேண்டாம் என்று சொன்னோம். ஒரு நாள் யோசித்துவிட்டு ஆசிரியர் சம்மதித்தார்.

வருமான வரி விதிகளில் விதி 7 இதற்குத்தான் இருக்கிறது. சொந்த விளைபொருளை மூலப்பொருளாகப் பயன்படுத்தும் தொழிலில், அந்த விளைபொருளின் சந்தை விலையை வியாபார லாபத்தில் கழிக்க வேண்டும். கழித்த தொகை விவசாய வரவு. 40 மூட்டைக்கு 8,600 வீதம் 3,44,000. அதோடு பலா 1,50,000 சேர்த்து, தோப்புச் செலவு 1,12,000 கழித்தால் விவசாய வருமானம் 3,82,000. வியாபாரத்தில் பருப்பும் தோடும் 18,60,000. அதில் 3,44,000, 7,74,000, 1,95,000, 47,000 எல்லாம் கழித்தால் 5,00,000. படிவத்தில் 14,20,000 என்று போட்டது உண்மையில் 8,82,000. அதிலும் பாதிக்கு மேல் வரிக்குரியது.

இரண்டாவது முடிவு 44ஏடி பற்றியது. சிறு வியாபாரிகள் விற்பனையில் 8 சதவீதத்தை லாபமாகக் காட்டும் அனுமான முறை அது. அப்படிச் செய்தால் 5,00,000 லாபம் ஒன்றரை லட்சத்துக்குள் அடங்கியிருக்கும். உடன் தொழில் செய்யும் நண்பர்கள் இரண்டு பேர் அதையே சொன்னார்கள். நாங்கள் எடுக்கவில்லை. வியாபாரமே இல்லை என்று கணக்குத் தாக்கல் செய்தவர், ஆய்வின் நடுவில் முதல் தடவையாக அனுமான முறையைக் கேட்பது ஒரு புதிய கோரிக்கை. திருத்திய கணக்குக்கான காலம் 2023 டிசம்பரோடு முடிந்துவிட்டது. ஆய்வு நடக்கும்போது புதுப்பிக்கப்பட்ட கணக்கும் தாக்கல் செய்ய முடியாது. இதையெல்லாம் விட முக்கியமான காரணம், ரொக்கத்துக்கு ஆதாரமாக நாங்கள் நீட்டுவதே அந்தப் பதிவேடுதான். அதே பதிவேடு 5,00,000 லாபம் என்கிறது. வரவுக்கு அதை நம்புங்கள், லாபத்துக்கு நம்பாதீர்கள் என்று ஒரே கடிதத்தில் எழுத முடியாது.

மூன்றாவது, தகப்பனார் பெயரிலுள்ள நிலம். விவசாய வருமானத்துக்கு நில உரிமை அவசியமில்லை, பயிர் செய்தவர் யார் என்பதே கேள்வி. வாரிசுச் சான்றும், இவர்தான் தனியாகப் பயிர் செய்கிறார், தங்களுக்குப் பங்கு எதுவும் தருவதில்லை என்ற அக்கா, தம்பி இருவரின் உறுதிமொழிப் பத்திரமும் சேர்த்தோம். எந்த நிலத்தில் என்ன பயிர் என்று காட்டும் கிராமக் கணக்கான அடங்கலில் ஒரு நுணுக்கம் உண்டு, அதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். பசலி ஆண்டு ஜூலை முதல் ஜூன் வரை, நிதியாண்டு ஏப்ரல் முதல் மார்ச் வரை. 2022 ஏப்ரல் முதல் ஜூன் வரை பொறுக்கிய முந்திரி பசலி 1431-இல் வரும். அதற்குப் பிந்தையது 1432. ஒரே பசலிக்கு அடங்கல் கொடுத்தால் பருவம் முழுவதுமே விடுபட்டது போல் தெரியும். இரண்டு பசலிக்கும் வாங்கினோம். மர வயதுக்கு, தானே நிவாரணம் வரவான பழைய பாஸ்புக் பக்கத்தையும், இடம் நேரம் பதிவான தோப்புப் படங்களையும் இணைத்தோம். ஏக்கருக்கு நாலேகால் மூட்டை என்பது பத்து வயது ஒட்டு மரத்துக்கு மிகையில்லை என்று அதனோடு எழுதினோம்.

கொட்டை விற்றவர்களிடம் உறுதிக் கடிதம் வாங்குவதுதான் நாள் பிடித்தது. கொள்முதல் எல்லாம் ரொக்கம். விவசாயிக்கு விளைபொருளுக்காகக் கொடுக்கும் ரொக்கத்துக்கு விதி 6டிடி-இல் விலக்கு இருப்பதால் ரொக்கமாகச் செய்யும் செலவுக்கான 10,000 ரூபாய் வரம்பு பிரச்சினை இல்லை. ஆனால் அவர்கள் விவசாயிகள் என்றும் விற்றார்கள் என்றும் காட்ட வேண்டும். "கையெழுத்துப் போட்டா நாளைக்கு எனக்கும் நோட்டீஸ் வருமா சார்?" என்று ஒருவர் கேட்டார். அவருக்கு வேறு வருமானமே இல்லை, வராது என்று சொன்னோம். வெள்ளத்தில் அவர் வீட்டுச் சுவர் இடிந்திருந்தது. அந்த நேரத்தில் போய் கையெழுத்துக் கேட்பதே சங்கடமாக இருந்தது. எட்டுப் பேர் போட்டுக் கொடுத்தார்கள், 76 மூட்டைக்கு. மூன்று பேர் மறுத்துவிட்டார்கள், 14 மூட்டை. அவர்களை வற்புறுத்தவில்லை.

இதோடு ஒன்றையும் சரிபார்த்தோம். விற்பனை 40 லட்சத்துக்குக் கீழே என்பதால் தமிழ்நாட்டுக்குள் ஜிஎஸ்டி பதிவு தேவையில்லை. ஆனால் கடலூர் மாவட்டத்துக்காரர்களுக்குப் புதுச்சேரி பக்கத்துத் தெரு மாதிரி. எல்லை தாண்டி ஒரு மூட்டை பருப்பு விற்றாலும் அது மாநிலம் விட்டு மாநிலம் போகும் விற்பனை; சிறு வியாபாரிக்கும் பதிவு கட்டாயமாகிவிடும். பதிவேட்டில் இருந்த வியாபாரிகள் எல்லாரும் பண்ருட்டிக்காரர்கள். அக்கா வீட்டுக்குப் போன பருப்பு விற்பனை இல்லை.

நான்காவது முடிவு அடுத்த ஆண்டைப் பற்றியது. 2023-24 நிதியாண்டுக்கான கணக்கையும் 2024 ஜூலையில் இதே பாணியில் தாக்கல் செய்திருந்தார்கள். அதைத் திருத்த டிசம்பர் 31 வரை நேரம் இருந்தது. ஆய்வுக்கான பதிலை எழுதுவதற்கு முன்பே அதை எடுத்து, வியாபாரத்தை முதலிலேயே காட்டி, 44ஏடி-யில், ஐடிஆர்-3 படிவத்தில் திருத்திவிட்டோம். விவசாய வருமானம் 5,000-த்தைத் தாண்டுவதால் எளிய ஐடிஆர்-4 ஆகாது.

என்ன நடந்தது

ஜனவரியில் காணொளி விசாரணை கேட்டோம், கிடைத்தது. அதிகாரி கேட்டது ஒன்றிரண்டு கேள்விகள்தான். அதில் ஒன்று: "உடைக்காமல் கொட்டையாகவே விற்க முடியுமா?" முடியும் என்று ஆசிரியர் சொன்னார். எங்கள் கணக்கும் அதைத்தான் சொன்னது என்பதால் அந்தப் பதில் எங்களுக்குச் சாதகமாகவே போனது. பதிவேட்டின் பக்கங்களைத் திரையில் காட்டினோம்.

2025 பிப்ரவரியில் உத்தரவு வந்தது. 69ஏ சேர்ப்பு முழுவதும் கைவிடப்பட்டது. விவசாய வருமானம் 3,82,000 ஏற்கப்பட்டது. கையெழுத்து இல்லாத 14 மூட்டைக் கொள்முதல், 1,20,400 ரூபாய், நிரூபிக்கப்படவில்லை என்று சேர்க்கப்பட்டது. வியாபார வருமானம் 6,20,400. மொத்த வருமானம் 11,00,400. கூட்டிக் கழிக்கும் முறையில் வரி 2,08,320, செஸ்ஸோடு 2,16,653. ஏற்கெனவே கட்டிய 43,160 போக 1,73,493 பாக்கி. வியாபார வருமானம் இல்லாத மூத்த குடிமக்களுக்குத்தான் முன்கூட்டிய வரியிலிருந்து விலக்கு. இவருக்கு வியாபாரம் இருந்ததென்று ஆனதால் அந்த விலக்கும் போய், வட்டி 40,000-க்கு மேல் வந்தது. கூடவே பிரிவு 270ஏ-இல் வருமானத்தைக் குறைத்துக் காட்டியதற்கான அபராத நோட்டீசும்.

அந்த 14 மூட்டைக்காக மேல்முறையீடு செய்யலாமா? கொட்டை வாங்காமல் அவ்வளவு பருப்பு விற்றிருக்க முடியாது, அதனால் வாதம் பலமானதுதான். ஜெயித்தால் மிஞ்சுவது 37,565 ரூபாயும் அதற்கான வட்டியும். ஆனால் பிரிவு 270ஏஏ ஒரு வழி தருகிறது. வரியையும் வட்டியையும் உரிய காலத்தில் கட்டி, மேல்முறையீடு செய்யாமல், உத்தரவு கிடைத்த மாதம் முடிந்து ஒரு மாதத்துக்குள் விண்ணப்பித்தால் அபராதத்திலிருந்து விலக்குக் கோரலாம். உண்மையைத் திரித்துக் காட்டியதாகக் குற்றம் சாட்டப்பட்டவர்களுக்கு இது இல்லை. இவர் மேல் இருந்தது குறைத்துக் காட்டியது மட்டும். அபராதம் பாதி வரி அளவு, 80,000-த்தைத் தாண்டும். மேல்முறையீட்டை விட்டுவிட்டு மார்ச்சில் படிவம் 68 போட்டோம். ஏற்கப்பட்டது. ஆசிரியர் ஒரு வைப்புத் தொகையை உடைத்துத்தான் வரி கட்டினார்.

இனி மாறியிருப்பவை

அந்த வருகைப் பதிவேடுதான் அவரைக் காப்பாற்றியது, அதன் ஓட்டைதான் அந்த 37,565 ரூபாயும். ஆகவே 2025 பருவத்திலிருந்து கொட்டை வாங்கும்போதே மூட்டை, விலை, நிலத்தின் ஊர் எழுதி விற்பவரிடம் துண்டுச் சீட்டில் கையெழுத்து வாங்குகிறார். இரண்டு வருஷம் கழித்துப் போய்க் கேட்பதற்கும் மூட்டையை இறக்கும்போது கேட்பதற்கும் உள்ள வித்தியாசம் பெரியது. மறுத்த மூவரில் இருவர் இப்போது சீட்டில் போடுகிறார்கள். முடிந்த வரை பணம் போன் வழியாகப் போகிறது. கொட்டகைக்குத் தனி வங்கிக் கணக்கு. பென்ஷன் கணக்கில் முந்திரிப் பணம் வருவதில்லை.

தோப்பிலிருந்து கொட்டகைக்குப் போகும் ஒவ்வொரு மூட்டையும் அன்றைய மண்டி விலையோடு எழுதப்படுகிறது. விதி 7-க்கு அதுதான் அடிப்படை. ஆண்டுக் கடைசியில் சராசரி கண்டுபிடிக்க வேண்டிய அவசியம் இல்லை. பலா குத்தகைக்கு ஒரு பக்க ஒப்பந்தம் எழுதிக்கொள்கிறார்கள்.

2026 ஏப்ரல் 1 முதல் 2025-ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம்தான். பிரிவு எண்கள் மாறுகின்றன, விவசாய வருமானத்துக்கான விலக்கு தொடர்கிறது. இவருடைய மாதிரிக் கணக்குகளில் கேட்கப்படும் கேள்விகளும் அப்படியேதான் இருக்கும்.

மீதமிருப்பது தகப்பனார் பெயரிலுள்ள பட்டா. மாற்றத்துக்கு விண்ணப்பித்திருக்கிறார்கள். நாலு தலைமுறையாகக் கலந்து கிடக்கும் சர்வே எண் என்பதால் உட்பிரிவு அளக்க வேண்டும். வெள்ளத்தில் எல்லைக் கல் இரண்டு போய்விட்டது. அடுத்த ஜமாபந்திக்குள் முடிந்துவிடும் என்று அவர் நம்புகிறார். முடியும் வரை அக்கா, தம்பியின் உறுதிமொழியை ஆண்டுதோறும் புதுப்பித்து வாங்கிவைக்கச் சொல்லியிருக்கிறோம்.